யாளியிடம் கேட்காத கேள்வி

தருமபுரிக்குப் பக்கத்தில் உள்ள காரிமங்கலம் கடைத்தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். முருகனோ லட்சுமியோ, பட்டும் நகையும் பளபளக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கிட்டத்தட்ட அந்த அட்டை அளவில்தான் ஓவியர் சல்வடோர் டாலி 1931-ல் உருகி வழியும் கடிகாரங்களை வரைந்தார். அகலம் 33 செ.மீ., உயரம் 24 செ.மீ. அவ்வளவுதான். சாப்பாடு முடிந்தபின் இளகிக் கிடந்த பாலாடைக்கட்டியை நினைத்துக்கொண்டிருந்தபோது இந்த எண்ணம் தோன்றியதாக டாலியே எழுதியிருக்கிறார்.

இந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினால் ஊர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி: "இதுக்கு என்னங்க அர்த்தம்?"

அதே மனிதர் கோயில் மண்டபத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாளித் தூணைக் கடந்து போவார். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. அதனிடம் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. பிள்ளைக்குத் தொட்டுக் காட்டிவிட்டு நடப்பார்கள்.

அர்த்தம் கேட்கும் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது காலண்டர்தான் என்று தோன்றுகிறது. ஓவியர் ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் நிழலும் சதைப்பிடிப்பும் நம் சாமிகளுக்கு வந்தன. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் கையால் அவை தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்தன. அழகான படங்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் படம் என்றால் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று கண் பழகிப்போனது. வேடிக்கை என்னவென்றால், ரவி வர்மா 1906-ல் காலமானார். அடுத்த ஆண்டே பாரிஸில் பிக்காசோ அந்த அச்சு அசலை உடைத்துப்போட்டார். 'அவிஞோன் பெண்கள்' ஓவியத்தில் ஐந்து பேர். அதில் இரண்டு முகங்கள் ஆப்பிரிக்க முகமூடிகளைப் போலிருக்கும்.

பெல்ஜியத்துக்காரர் ரெனே மக்ரித் இன்னும் குறும்புக்காரர். 1929-ல் புகைக்கும் பைப் ஒன்றை அச்சு அசலாக வரைந்து, கீழே 'இது பைப் அல்ல' என்று எழுதிவைத்தார். உண்மைதானே, அதில் புகையிலை அடைக்க முடியுமா? கடைக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவருடைய காலண்டர் லட்சுமி வெறும் படமில்லை. கடை திறந்ததும் அதற்குத்தான் முதல் ஊதுபத்தி. மக்ரித் இந்தக் கடைக்கு வந்திருந்தால் ஒரு நல்ல வாக்குவாதம் கிடைத்திருக்கும்.

அச்சு அசலை உடைத்த பிக்காசோவைப் பார்க்கத் தருமபுரிக்காரருக்குத் தனிப் பாடம் தேவையில்லை. தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டுச் செத்த வீரர்களுக்கு இந்தச் சீமையில் நட்ட நடுகற்களில் கால்கள் பக்கவாட்டில் நடக்கும், மார்பு நேரே நம்மைப் பார்க்கும். வீரன் பெரிதாக நிற்க, மாடுகள் காலடியில் சின்னதாக இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த அளவில்லை அது. மனசுக்குத் தெரிந்த அளவு. சில கற்களில் சண்டை கீழே, சொர்க்கம் மேலே என்று இரண்டு காலமும் ஒரே பலகையில் இருக்கும்.

காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. டாலியைக் கைபேசியில் தேடுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விளக்கப் பலகையைக் கடைசியில் படித்தால் போதும்.