டேக் வைக்கிற நேரம்

நெய்வேலிச் சுரங்கத்துக்குள் ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாமல் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி நுழைய முடியாது. கிரைண்டரைக் கையில் எடுத்தால் கண்ணாடி எங்கே என்று கேட்க அங்கே ஆள் உண்டு. அதே தொழிலாளி, ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது வருகிறவரை குள்ளஞ்சாவடியில் சொந்தக்காரர் பட்டறையில் கேட் அடிக்கிறார். இங்கே லுங்கி, ரப்பர் செருப்பு, வெறும் கண். கையும் அதே கை, மெஷினும் அதே மெஷின். இடம் மாறினால் ஏன் கண்ணாடி கழன்றுவிடுகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் வருகிற ஊர் குள்ளஞ்சாவடி. சுற்றிலும் செம்மண், முந்திரி, நடுநடுவே பலா. நான் போன பட்டறை சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை. மேஸ்திரி, இரண்டு ஆட்கள், ஐ.டி.ஐ.யில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் எடுபிடிப் பையன் ஒருவன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப்போட்டதில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரை போன வீடுகள் சீட்டுக்கு மாறின. சீட்டு போட ஆங்கிளும் பைப்பும் வேண்டும், வெல்டிங் வேண்டும். அப்போதுதான் மேஸ்திரி சொந்தமாகப் பட்டறை போட்டார். “எல்லார்கிட்டயும் புடுங்கிக்கினு போன புயலு எனக்கு மட்டும் குடுத்துட்டுப் போச்சி சார்” என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அன்றைக்கு ஒரு வீட்டுக்கு இரட்டைக் கதவு கேட். ஸ்கொயர் பைப்பை அளந்து, 14 அங்குல வீல் போட்ட கட்டிங் மெஷினில் அறுத்து, தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். அடுத்தது டேக் வைப்பது. முழுசாகப் பற்றவைக்கும் முன் மூலைக்கு ஒரு பொட்டு வைத்து நிறுத்திக்கொள்வது. மேஸ்திரியின் வலது கையில் பன்னிரண்டாம் நம்பர் ராடு மாட்டிய ஹோல்டர். இடது கை பைப்பை மூலைமட்டத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடி, ‘டப்’. ஒரு டேக் முடிந்தது. மறுபடி பார்த்து, மட்டம் சரிபார்த்து, மூடி, ‘டப்’. கேட் முடிவதற்குள் எத்தனை முறையோ.

அவர் மூடிக்கொள்கிறார். பைப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பையனுக்கு எப்போது மூட வேண்டும் என்று யார் சொல்வது? ‘டப்’ கேட்ட பிறகுதான் அவன் இமை இறங்குகிறது.

அதன் விளைவு ராத்திரிதான் தெரியும். வெல்டிங் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர், வெயில் தோலைச் சுடுவதைப் போலக் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். ஆனால் உடனே வலிக்காது. ஆறு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழித்து, தூங்கப் போகிற நேரத்தில் கண் முழுக்க மணலை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும், தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. இதைப் பட்டறையில் ‘வெல்டிங் அடிச்சிடுச்சி’ என்பார்கள். வைத்தியமும் அவர்களிடமே இருக்கிறது. மூடிய கண்ணில் நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டுவது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி இருந்தால் தாய்ப்பால் இரண்டு சொட்டு கேட்டு வாங்குவது. பெரும்பாலும் ஓரிரு நாளில் கண் தானாகவே ஆறிவிடும். பேர் பூவுக்குப் போய்விடும். மூடிய இமைமேல் பூ குளிர்ச்சியாகக் கிடந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. கண்ணுக்குள் எதையாவது பிழிந்து ஊற்றுகிறபோதுதான் புண்ணில் கிருமி சேருகிறது.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். ஆஸ்பத்திரியில் வலி தெரியாமல் பார்ப்பதற்காக விடுகிற மரத்துப்போகும் மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்டு, கடையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது. விட்டவுடன் சொர்க்கம்தான். திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறவே ஆறாது, கரைந்து ஓட்டையே விழலாம். டாக்டர்கள் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாததன் காரணம் இதுதான்.

நான் எதிர்பார்த்துப் போனது வெல்டிங் வெளிச்சத்தை. ஆனால் முழு வெல்டிங் ஓடும்போது எல்லாரும் ஷீல்டைப் பிடிக்கத்தான் செய்கிறார்கள். இல்லாவிட்டால் வேலையே பார்க்க முடியாது. கண் மாட்டிக்கொள்வது இடையிடையே வருகிற சில்லறை வேலைகளில்.

ராடு அணைந்ததும் ஷீல்டு கீழே போகிறது, சிப்பிங் சுத்தி கைக்கு வருகிறது. பற்றின இடத்தின்மேல் படிந்திருக்கும் ஸ்லாக் ஓட்டைத் தட்ட வேண்டும். இன்னும் சூடு ஆறாத, கண்ணாடிச் சில்லுக்குச் சமமான பொருள் அது. வெளிச்சம் போனதால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கிற அந்த நொடியில், குனிந்த முகத்துக்கு நேராகத் தெறிக்கிறது. பிறகு கோணலை நிமிர்த்தச் சுத்தியல் அடி. அதற்குப் பிறகு கிரைண்டர்.

நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதிலிருந்து கிளம்புகிற பொறியும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் கிளம்புகிறது. கண் சிமிட்டித் தப்பிக்கலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வீலை மறைக்கிற கார்டு எங்கே என்று கேட்டேன். பலகைமேல் கழற்றி வைத்த ஒரு குவியலைக் காட்டினார்கள். கிரில் மூலைக்குள் கார்டோடு மெஷின் நுழையாது. இன்னொரு காரணமும் உண்டு, அதை மெதுவாகத்தான் சொன்னார்கள். கார்டு இல்லையென்றால் பெரிய மெஷினில் தேய்ந்துபோன 7 அங்குல வீலை இதிலேயே மாட்டிக்கொள்ளலாம். அந்த வீலின் முகத்தில் 8,500 சுற்றுக்கு மேல் கூடாது என்று அச்சடித்திருப்பார்கள். அதை 11,000-ல் ஓட்டினால் வீலே துண்டு துண்டாகச் சிதறலாம். அப்போது கண்ணோடு நிற்காது, முகமே கிழியும். மிச்சமாவது ஒரு வீலின் விலை.

பொறி பட்டு கண்ணில் இரும்பு ஒட்டிக்கொள்வது இங்கே ஜலதோஷம் மாதிரி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கைக்குட்டை முனை, தீக்குச்சியில் சுற்றிய பஞ்சு, ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், ஊரில் நாக்கால் தூசி எடுக்கிற பாட்டி என்று வழிகள் இருக்கின்றன. கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். சூடாகப் போய்ப் பதிந்த இரும்பு, கண்ணீர் ஈரத்தில் ஒரு நாளைக்குள் துருப்பிடித்துத் தன்னைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிடும். துணுக்கைப் பிடுங்கினாலும் துரு நிற்கும். டாக்டர் மரத்துப்போகும் மருந்து விட்டு, ஸ்லிட் லேம்ப்பில் தாடையை வைக்கச் சொல்லி, ஊசி முனையால் துருவையும் சேர்த்துச் சுரண்டி எடுப்பார். சில நிமிட வேலை. தீக்குச்சி குடைந்த தழும்பு நட்டநடுவில் விழுந்தால் பார்வையில் கடைசிவரை ஒரு மங்கல் நிற்கும்.

பட்டறையில் ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்த பெரியவர் முன்னாள் வெல்டர். இடது கண் வெளுத்திருந்தது. வெல்டிங்கோ கிரைண்டரோ காரணம் இல்லை. பக்கத்தில் ஒருவர் உளியை வைத்துச் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தார், இவர் சும்மா நின்றிருந்தார். தட்டித் தட்டி விரிந்துபோன உளித்தலையிலிருந்து ஒரு சில்லு பறந்தது. சுருக்கென்றது, அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனார். சுத்தியல் அடியில் பறக்கிற சில்லு இப்படித்தான். சின்னதாக இருந்தாலும் கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே காயம் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே தங்கிய இரும்பு கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். சுத்தியல் வேலை நடந்த இடத்தில் பார்வை திடீரென்று மங்கினால் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது. அந்தச் சந்தேகம் இருக்கிறவர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் முன்கூட்டிச் சொல்லாமல் போகவே கூடாது. அங்கே இருக்கும் காந்தம் உள்ளே கிடக்கும் இரும்பை இழுக்கும்.

“ஏன் பெரியப்பா, திரும்ப வெல்டிங்குக்குப் போகலியா?” என்று பையன்தான் கேட்டான், எனக்காக.

“ஒத்தக் கண்ணுல தூரம் புடிபடலடா. ராடு இங்க இருக்குன்னு வைப்பேன், அது அங்கப் போய் ஒட்டிக்கும்.”

பிரஷ்ஷை வைக்கும்போதுகூட அவர் இடது கை விரலால் பைப்பை முதலில் தொட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைக் கொண்டுபோனார். 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஒரு கண்ணின் பார்வை போவதை 30 சதவீத வருமான இழப்பாக மதிப்பிட்டது. மாற்றுத்திறனாளிச் சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒற்றைக் கண் கணக்கு அதிலும் 30-தான். நூலளவு துல்லியம் வேண்டிய தொழில் செய்கிறவனுக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

நாலு கடை தள்ளி ஒரு தச்சுப் பட்டறை. பலா மரத்தில் நிலைக்கதவு இழைத்துக்கொண்டிருந்தார்கள். “எங்களுக்கு நெருப்பா சார் பறக்குது, வெறும் தூள்தானே” என்றார் ஆசாரி. மருத்துவக் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. பொறியாக வருகிற இரும்பில் சூட்டினால் பெரும்பாலும் கிருமி இருக்காது. மரத்துணுக்கிலும் செடி கொடியிலும் பூஞ்சை இருக்கும். 1994-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப்புண் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு அதற்கு முன்னால் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வெறும் பூஞ்சை. பூஞ்சைப் புண் மெதுவாக அரிக்கும். சாதாரண ஆன்டிபயாட்டிக் சொட்டுக்கு அடங்காது. கண் சிவப்பு என்று சொல்லி மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதற்குத் தீனி போடும்.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஒரு ஆய்வை இந்த ஆசாரிக்குச் சொன்னேன். கண்ணில் கீறல் பட்ட 442 பேருக்குக் கிராமத் தொண்டர்கள் குளோரம்பெனிக்கால் களிம்பு மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாளைக்கு மேல் கழித்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. ஆசாரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நம்ம ஆளுங்க ரெண்டு நாள் பாத்துட்டுத்தானே போவான்” என்றார்.

போக இடம் இல்லாமல் இல்லை. கடலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் மருத்துவமனை 2003-லிருந்து இருக்கிறது. அரை நாள் கூலி போகுமே என்பதுதான் இரண்டு நாளாக ஆகிவிடுகிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண்ணுக்கென்றே எழுதப்பட்டது. துணுக்கு தெறிக்கிற வேலைக்கு முதலாளி தடுப்போ கண்ணாடியோ தர வேண்டும் என்றது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலை ஆனது. 2020-ல் நிறைவேறி 2025-ல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 20 பேராக உயர்த்தியது. நாலு பேர் பட்டறை இரண்டு கணக்கிலும் வராது. சுரங்க வாசலில் நிற்கிற பாதுகாப்பு அதிகாரி குள்ளஞ்சாவடிக்கு வரமாட்டார்.

கண்ணாடியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆணியில் ஒன்று தொங்கியது. எடுத்து மாட்டிப் பார்த்தேன். முகப்பு முழுக்கப் பொறி பட்டுப் பொரிந்து, பனிமூட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. வேர்வையில் ஆவி படிகிறது, மேஸ்திரியின் வெள்ளெழுத்துக் கண்ணாடிமேல் உட்கார மறுக்கிறது. சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். வேலை தெரியாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பதும் ஆபத்துதான் என்பது அவர்கள் பக்க நியாயம். ஆகவே விலை குறைந்த, பாலிகார்பனேட்டில் செய்த, பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடிகளை ஆளுக்கொன்றாக வாங்கி, கீறல் விழுந்ததும் தூக்கிப் போட வேண்டும். பவர் கண்ணாடிக்கு மேலேயே போடுகிற மாதிரி தனி வகை கிடைக்கிறது. ஃபிரேமில் ஐ.எஸ். 5983 என்றோ இசட் 87 என்றோ தரக்குறி பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. திருவிழாக் கடைக் கூலிங் கிளாஸ் எதையும் தடுக்காது. கிரைண்டருக்குக் கண்ணாடிக்கு மேலே முகக்கவசமும் போட்டால் உத்தமம். டேக் வைக்க, பொறி கிளம்பியதும் தானே இருட்டாகிற வெல்டிங் ஹெல்மெட் வந்துவிட்டது. தலையில் உட்காருவதால் மூன்றாவது கை தேவையில்லை. மேஸ்திரி அதைப் போனில் பார்த்து வைத்திருக்கிறார். “அடுத்த கேட்டுல வாங்கிடணும் சார்” என்கிறார். அடுத்த கேட்டிலும் ரேட்டைக் குறைக்கச் சொல்லி ஒருவர் நிற்பார்.

நாமும் அப்படி நிற்பவர்கள்தான். வீட்டுக்கு கேட்டோ கிரில்லோ சீட்டோ போடுகிறவர்கள், ரேட்டு பேசும்போதே ஆளுக்கு ஒரு கண்ணாடி என்று சில நூறு ரூபாயைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எடுபிடிப் பையனுக்கும் சேர்த்து. அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஒரு நாள் போய், மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.