பக்கத்து வீட்டு எண்ணெய்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போகிறவர்களுக்குக் கருவாட்டு வாசனையோடு இயந்திர எண்ணெயின் வாசனையும் பழக்கமானதுதான். 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-ல்தான் என்பீல்டு இந்தியாவும் தோன்றியது. முன்னது எண்ணூரில் லாரிகளும், பின்னது திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும் செய்தன. அந்த வட்டாரத்தில் இன்றும் சந்துக்கு ஒரு மெக்கானிக் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

அப்படி ஒருவரிடம் எனக்குத் தெரிந்த கான்டிராக்டர் தம் ஜீப்பைக் கொண்டுபோனார். நானும் உடன் இருந்தேன். கியர்பாக்ஸில் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு முறை வாங்கி ஊற்றியாயிற்று. ஆனால் வண்டி நிற்கிற தரையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. ஒழுகாத எண்ணெய் எங்கே போகும்? டிரைவர் விற்றிருப்பார் என்று கான்டிராக்டர் முடிவு கட்டிவிட்டார். இருபது வருஷம் அவரிடம் வேலை பார்த்த மனிதர் வாய் திறக்காமல் நின்றார்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற வண்டிகளில் கியர்பாக்ஸின் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு பெட்டி உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பங்கிடுவது அதன் வேலை. இரண்டும் ஒட்டுக் குடித்தனம். சில பழைய ஜீப்புகளில் எண்ணெய் இரண்டுக்கும் போய்வர வழியே வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் நடுவே ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம்தான் காவல்.

மெக்கானிக் இரண்டு பெட்டிகளையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, மேலே முகப்பவுடரைத் தூவினார். "எண்ணூர் வரிக்கும் போய் வாங்க" என்றார். ஓடுகிற வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிவிடுமாம். சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. பவுடர் போட்டால் ஈரம் புறப்பட்ட இடம் தெரிந்துவிடும்.

திரும்பி வந்தபோது பவுடர் உலர்ந்தபடியே இருந்தது. பெட்டிக்குள் அழுத்தம் சேராமல் காற்றை வெளியே விடும் பிரீதரும் அடைபடவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் அடங்கும்வரை காத்திருந்து, டிரான்ஸ்பர் கேஸின் லெவல் போல்ட்டைக் கழற்றினார். துவாரத்தின் விளிம்பு மட்டும் நிற்கவேண்டிய எண்ணெய் குபுகுபுவென்று சட்டியில் கொட்டியது.

"எண்ணெய் எங்கியும் போவல சார். பக்கத்து வூட்டுக்குப் போயிருக்குது!"

கியர்பாக்ஸ் காய்ந்தால் பல்சக்கரங்கள் தேயும். டிரான்ஸ்பர் கேஸ் நிரம்பி வழிந்தால் எண்ணெய் நுரைத்துச் சூடேறும். ஆகவே சீலை மாற்றி, இரண்டு பெட்டிகளையும் வடித்துப் புது எண்ணெய் விட வேண்டும் என்றார் மெக்கானிக்.

கான்டிராக்டர் வெகுநேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரிடம், "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு நம்மவர்களிடம் உள்ள வார்த்தை அதுதான்.

"இல்லிங்க" என்றார் டிரைவர். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.