தாம்பாரும் நம் தாயாரும்

"தாம்பரத்திலிருந்தா வந்தது?" என்று நம் தாயார் கேட்டார்.

தாம்பரம் அல்ல, தாம்பார்! நண்பர் ஒருவர் நமக்கு இரண்டு நாளைக்கு இரவலாகக் கொடுத்த லென்ஸின் பெயர் அது. மாக்ஸ் பெரெக் என்னும் நிபுணர் வகுத்தபடி, ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனியார் 1935-ஆம் வருஷத்தில் வெளியிட்டது. முகத்தை மெல்லிய பனித்திரையின் வழியாகக் காட்டுவதே அதன் விசேஷம்.

தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. காமிராவைக் கண்டால் சமையலறைக்குள் மறைந்துவிடுவார். வயோதிகத்தில் எடுத்ததென்று நம்மிடம் இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றே. அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நலம். "இந்தக் கண்ணாடி முகச் சுருக்கத்தைக் காட்டாது" என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகே முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்போது நல்ல வெயில். நம் பழைய காமிராவின் ஷட்டர் 1/500 விநாடிக்கு மேல் வேகமாக ஓடாது. ஆகவே லென்ஸின் துவாரத்தை எஃப் 9 வரையில் சுருக்கினோம். பிசகு அங்கேதான்! லென்ஸின் ஓரமாக வரும் கிரணங்கள் நடுக் கிரணங்களோடு ஒரே இடத்தில் கூடாமல் விலகி விழுவதால் உண்டாவதுதான் அந்தப் பனித்திரை. துவாரத்தைச் சுருக்கினால் ஓரக் கிரணங்கள் அடைபட்டுப் போகும். படத்தில் ஒரு சுருக்கம் பாக்கியில்லை.

"சத்தியம் செய்தாயே!" என்றார் தாயார். வேறொன்றும் சொல்லவில்லை. நமக்கு அன்றிரவு சாதம் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கெஞ்சிக் கூத்தாடி மறுபடியும் உட்கார வைத்தோம். இம்முறை எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் சாம்பல் நிற பில்டரை மாட்டி, துவாரத்தை முழுவதும் திறந்துவிட்டோம். அதோடு நின்றிருக்கலாம். ஆசை யாரை விட்டது? லென்ஸுடன் வந்த இன்னொரு பில்டரையும் அதன்மேல் திருகி இரண்டொரு படம் எடுத்தோம். அதன் நடுவில் சிறு வட்டமாக வெள்ளிப் பூச்சு இருக்கும். அது நடுக் கிரணங்களை மறைத்து ஓரக் கிரணங்களை மட்டும் உள்ளே விடும்.

சாயங்காலம் படங்கள் வந்தன. இரண்டு பில்டர்களும் சேர்ந்த படத்தில் முகம் புகையாய்க் கரைந்திருந்தது; பின்னாலிருந்த செடியின் வெயில் புள்ளிகளெல்லாம் வளையல்களாக மாறியிருந்தன. "இது யாருடைய ஆவி?" என்று தாயார் அதைத் தள்ளிவைத்தார்.

சாம்பல் பில்டர் மட்டும் போட்டு எடுத்த படத்தைக் கையில் எடுத்தவர் நெடுநேரம் கீழே வைக்கவில்லை. கண்கள் தெளிவாயிருந்தன. நரைத்த கூந்தலைச் சுற்றி மெல்லியதொரு பிரபை.

"எங்கம்மா மாதிரி இருக்கிறதடா" என்றார்.

நம் பாட்டிக்குப் படமே கிடையாது.

சற்றுப் பொறுத்துத் தாயார், "அந்தத் தாம்பரத்துக்காரர் இன்னும் ஒரு நாள் கொடுப்பாரா, கேட்டுப் பாரேன்" என்றார்.