சாத்தூர்ச் சம்பாவைத் தேடி

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண்ணே பரந்து கிடக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இம்மண், ஐப்பசி மழையில் நனைந்துவிட்டால் நடப்பவர் காலை எளிதில் விடாது. அந்த ஈரத்தை உள்ளே தேக்கி வைத்துக்கொள்வதால்தான் கிணறும் வாய்க்காலும் இல்லாத மானாவாரிப் புஞ்சைகளில் பருத்தி, கம்பு, உளுந்து, மல்லி ஆகியவற்றோடு மிளகாயும் விளைகிறது.

கடந்த தை மாதத்தில் நாம் அங்குச் சென்றது சாத்தூர்ச் சம்பா என்னும் பழைய மிளகாயைக் காண்பதற்காகவே. சம்பா வத்தல் நீண்டு மெலிந்தது, காரம் மிக்கது. அண்டைச் சீமையான இராமநாதபுரத்து முண்டு வத்தலோ உருண்டையானது. குலுக்கினால் உள்ளே விதைகள் சலசலக்கும். முண்டு வத்தலுக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020லேயே கிடைத்துவிட்டது என்பதை இனிப்புப் பிரியர்கள் அறிவார்கள்!

மிளகாய் இம்மண்ணில் பிறந்த செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகக் கடல் கடந்து வந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு இருக்கிறது. வந்த செடியில் வறட்சிக்குத் தாங்கியதை மட்டும் விதைக்கு எடுத்து, தலைமுறை தலைமுறையாக அதைக் கரிசலுக்கு உரியதாக்கியவர்கள் இவ்வூர்க் குடியானவர்களே. 1901இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே 2 என்னும் மிளகாய், இந்தச் சாத்தூர்ச் சம்பாவையும் பி 70ஏ என்ற வகையையும் இணைத்து உருவாக்கப்பட்டதாகும். புது வகை காண்பதற்கும் பழைய வித்து எங்கேனும் உயிரோடு இருந்தாக வேண்டுமன்றோ?

விளாத்திகுளத்திற்கு இப்பால் ஒரு சிற்றூரில் மூதாட்டி ஒருவரைச் சந்தித்தோம். இடையில் சில ஆண்டுகள் அவரும் கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கியே விதைத்திருக்கிறார். மழை பொய்த்த ஓர் ஆண்டில் விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியது. "எங்க மாமியா வச்சிருந்த விதைய நானே தொலைச்சிட்டேன், ஐயா" என்றார். பின்னர்த் தமக்கையின் வீட்டுப் பானையில் எஞ்சியிருந்த ஒரு கைப்பிடி வத்தலைக் கேட்டு வாங்கி வந்து விதைத்தார். முளைத்ததில் பாதிச் செடிகளே பழைய சாயலில் இருந்தன. மற்றவை எப்போதோ கலந்து போனவை.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆயினும் தேனீக்கள் அடுத்த புஞ்சையின் மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆதார விதைப் பயிருக்கு வேறு மிளகாயிலிருந்து 400 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதைச்சான்று விதி. மூதாட்டியின் நிலமோ மொத்தமே ஒன்றரை ஏக்கர்! எனவே அவர் நடுப்பகுதியில் உள்ள நல்ல செடிகளுக்குப் பழஞ்சேலைக் கிழிசலால் அடையாளம் கட்டியிருக்கிறார். சாயல் மாறிய செடிகளைப் பூக்குமுன்பே பிடுங்கி எறிகிறார். முதல் பறிப்பையும் கடைசிப் பறிப்பையும் விதைக்கு எடுப்பதில்லை. நன்றாகப் பழுத்ததை உலர்த்தி, வத்தலாகவே சாம்பலோடு பானையில் போட்டு வைக்கிறார். மூன்று ஆண்டுகளாக இப்படிச் செய்ததில், இப்போது பத்துச் செடிக்கு ஒன்றிரண்டுதான் சாயல் மாறுகிறதாம்.

களத்தில் காய்ந்துகொண்டிருந்த வத்தலைக் கையிலெடுத்துப் பார்த்தோம். ஒட்டு வத்தலின் பளபளப்பும் பருமனும் இதற்கு இல்லை. கமிஷன் கடையில் நிறத்திற்கும் எடைக்குமே விலை. (நம் இல்லங்களிலும் சிவப்பைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!)

மூதாட்டியின் கவலை அடுத்த புரட்டாசியைப் பற்றியது. பக்கத்துப் புஞ்சைக்காரர் மீண்டும் ஒட்டு மிளகாய் போட நினைக்கிறார். தம் எல்லையை ஒட்டிய பகுதியிலாவது உளுந்தோ மல்லியோ விதைக்கும்படி மூதாட்டி அவரிடம் கேட்டிருக்கிறார். நாங்கள் புறப்படும் வேளையில் அவரே வரப்போரமாக வந்தார்.

"என்ன அண்ணாச்சி, யோசிச்சீகளா?" என்றார் மூதாட்டி.

"மழை வரட்டும் தாயி, பாப்போம்" என்று சொல்லிவிட்டு, களத்திலிருந்து நான்கு வத்தலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நடந்தார் அவர். குழம்புக்கா விதைக்கா என்று நாம் கேட்கவில்லை.