மூளையை அரியும் கைகள்

கிரையோஸ்டாட்டின் கண்ணாடி மூடிக்குக் கீழே மைனஸ் 20 டிகிரி. ஓர் உலோக வட்டின் மேல், பசைக்குள் உறைந்து நிற்கிறது ஒரு சுண்டெலியின் மூளை. வலப்பக்கச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மூளை பிளேடின் மேல் இறங்கி ஏறுகிறது. ஒரு சீவல் பிரிகிறது. தடிமன் 14 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் மூளையிலிருந்து இப்படி எழுபது சீவல்கள் எடுக்கலாம்.

சக்கரத்தைச் சுற்றுபவர் தருமபுரிப் பக்கத்துப் பெண். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, பெங்களூரில் ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலையைத் தொடங்கி, இந்த நரம்பியல் ஆய்வகத்துக்கு வந்தவர். இங்கே உள்ள பிஎச்.டி. மாணவர்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. சீவல் சுருண்டுகொள்ளாமல் இருக்க பிளேடின் மேல் ஒரு கண்ணாடித் தகடு சாய்ந்திருக்கிறது. அவர் அதைத் தூக்குகிறார். மெல்லிய தூரிகையால் சீவலின் ஓரத்தைத் தொட்டு விரிக்கிறார். வெளியில் வைத்திருந்த ஸ்லைடை அதன் மேல் கொண்டுபோகிறார். தொட்ட கணத்தில் சீவல் உருகி ஸ்லைடில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்லைடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது மடிந்துவிடும். மடிந்ததை எடுத்து விரிக்க வழியில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மூச்சு படுது,” என்றார் என்னிடம். முகமூடி போட்டிருந்தும் விலகி நின்றேன்.

அவர் காப்பாற்றப் பார்ப்பது தூது ஆர்.என்.ஏ.வை. ஒரு மரபணு வேலை செய்யும்போது உயிரணு அதன் நகலை ஆர்.என்.ஏ.வாக எழுதுகிறது, அந்த நகலைப் படித்துத்தான் புரதம் உருவாகிறது. ஆகவே ஓர் உயிரணுவில் எத்தனை நகல் இருக்கிறது என்று பார்த்தால் அந்த மரபணு அங்கே எவ்வளவு முனைப்பாக இருந்தது என்று தெரியும். ஆனால் ஆர்.என்.ஏ.வை அரித்துத் தின்னும் நொதி மனிதரின் விரலிலும் வியர்வையிலும் எச்சிலிலும் இருக்கிறது. கையுறையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரங்களை அதிக வெப்பத்தில் மணிக்கணக்கில் சுடுகிறார்கள். தண்ணீரைக்கூட வேதிப்பொருள் கலந்து, அந்த நொதியை முறித்த பிறகே தொடுகிறார்கள்.

இவர்கள் தேடும் நகல்கள், மூளை தனக்குத்தானே செய்துகொள்ளும் அபின் வகைப் பொருட்களுக்கு உரியவை. என்கெஃபலின், டைனார்ஃபின், பீட்டா-எண்டார்ஃபின் என மூன்று குடும்பம். மூன்றுக்கும் தனித்தனி மரபணு. வலியை அடக்குவதிலும், மகிழ்ச்சியிலும் மனச்சோர்விலும், பசியிலும், போதைக்கு அடிமையாவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுவிலும் இந்த மூன்று மரபணுக்களும் இருக்கின்றன. எந்த உயிரணு, எப்போது, எவ்வளவு எழுதுகிறது என்பதில்தான் ஆராய்ச்சியே அடங்கியிருக்கிறது.

இந்தத் துறை தொடங்கிய இடத்திலும் இப்படிக் கையால் உழைத்தவர்கள் இருந்தார்கள். 1970களின் முற்பகுதியில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ் என்ற இளம் ஆய்வாளர் சைக்கிளில் இறைச்சிக்கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை வாங்கி வந்தார். அவருடைய மூத்தவர் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ், கினிப்பன்றியின் குடல் துண்டை மின்னோட்டத்தால் துடிக்கவைத்து, மார்ஃபின் அந்தத் துடிப்பை எப்படி அடக்குகிறது என்று அளப்பதில் கைதேர்ந்தவர். மூளைச் சாற்றிலும் அதே வேலையைச் செய்யும் ஒரு பொருள் இருந்தது. 1975 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் அதன் அமைப்பு வெளியானது: ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சிறு பெப்டைடுகள், கடைசி ஒன்றில் மட்டும் வேறுபாடு. அவைதாம் என்கெஃபலின்கள். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் சோ ஹாவ் லீ ஒட்டகத்தின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து 31 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா-எண்டார்ஃபினைப் பிரித்ததை வெளியிட்டார். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஆவ்ரம் கோல்ட்ஸ்டைன் டைனார்ஃபினை அடையாளம் கண்டார். மரபணுக்களின் எழுத்துவரிசை 1979 முதல் 1982க்குள் தெரிந்துவிட்டது. கியோட்டோவில் ஷோசாகு நூமாவின் குழு மூன்றிலும் பங்குகொண்டது. என்கெஃபலின் மரபணு எழுதும் ஒரே நீண்ட புரதத்துக்குள் நான்கு மெட்-என்கெஃபலின், ஒரு லியூ-என்கெஃபலின், சற்றே நீண்ட வடிவில் மேலும் இரண்டு எனப் பொதிந்திருந்தன. நொதிகள் அதை நறுக்கித் தருகின்றன.

பன்றி மூளையை அரைத்துச் சாறெடுத்தால் பொருள் கிடைக்கும். மரபணு யாருடைய சொல்லைக் கேட்டு நடக்கிறது என்று தெரிய, அரைத்தால் போதாது.

1983இல் டாங், கோஸ்டா, ஷ்வார்ட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால் மருந்தை எலிகளுக்கு இரண்டு மூன்று வாரம் தினமும் கொடுத்தார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் என்கெஃபலின் மரபணுவின் நகல்கள் கூடின. டோபமின் என்ற வேதித்தூதுவின் பிடி தளர்ந்தால் என்கெஃபலின் மரபணு விழித்துக்கொள்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. ஆனால் அவர்கள் அளந்தது திசு முழுவதன் கூட்டுத்தொகை. தெரு முழுக்க வந்த மின்கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து, எந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரையேட்டத்தின் கதையும் அப்படித்தான். அங்கே தோற்றத்தில் பிரித்தறிய முடியாத இரண்டு வகை நியூரான்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. டோபமினின் டி2 ஏற்பி உள்ளவை என்கெஃபலினை எழுதுகின்றன. டி1 ஏற்பி உள்ளவை டைனார்ஃபினையும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடையும் எழுதுகின்றன. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்கள், நேரெதிரான நடத்தை. அதைப் பார்க்கச் சீவல் வேண்டும்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் கெர்ஃபனும் உடன் உழைத்தவர்களும் 1990இல் ‘சயன்ஸ்’ இதழில் அதைக் காட்டினார்கள். எலியின் மூளையில் ஒரு பக்கத்து டோபமின் நரம்புகளை மட்டும் அழித்தார்கள். பார்க்கின்சன் நோயில் மடிவதும் இதே நரம்புகள்தாம். அழிந்த பக்கத்தில் என்கெஃபலின் நகல்கள் ஏறின, சப்ஸ்டன்ஸ் பி நகல்கள் இறங்கின. டி2 ஏற்பியைத் தூண்டும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது என்கெஃபலின் தணிந்தது. டி1 ஏற்பியைத் தூண்டும் மருந்தை விட்டு விட்டுக் கொடுத்தபோது சப்ஸ்டன்ஸ் பி மீண்டது, டைனார்ஃபினோ எகிறியது. இந்தச் சோதனையின் அழகு, சேதமான பக்கமும் நலமான பக்கமும் ஒரே சீவலில் இருப்பது. ஒரே பிளேடு, ஒரே ஸ்லைடு, ஒரே கரைசல். இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது கைப்பிழை என்று தள்ள முடியாது.

நான் போயிருந்த நாளில் அக்காவின் கத்திக்குக் கீழே இருந்ததும் அந்த வகை மூளைதான். நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதலோடு செய்யப்படும் ஆய்வு. சீவல் ஸ்லைடில் ஏறும்போது புரண்டுவிட்டால் இடம் வலமாகிவிடும், முடிவும் தலைகீழாகிவிடும். அதற்காக மூளையை ஒட்டும் முன்பே ஒரு பக்கத்தில் ஊசியால் துளை போட்டுவைக்கிறார். ஒவ்வொரு சீவலிலும் அந்தத் துளை தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த சுற்று. எங்கே நிற்கிறோம் என்று அறிய மாணவர்கள் எலி மூளையின் வரைபட நூலைத் திறக்கிறார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை. “ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது பாருங்க. அதைச் சுத்தி இருக்கறதுதான் அக்கம்பென்ஸ். இன்னும் கொஞ்சம் உள்ள போனா ரெண்டு புள்ளியும் சேர்ந்து கோடாயிடும். கோடு வந்துட்டா நமக்கு வேண்டிய இடம் தாண்டிப்போச்சுன்னு அர்த்தம்.”

அக்கம்பென்ஸ் என்பது ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதி. போதை ஆய்வாளர்கள் விடாமல் சுற்றிவரும் இடம். கோகெய்ன் டோபமினைப் பெருக்கும். டி1 ஏற்பி தூண்டப்பட்டு, நியூரானுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு ஏறும். அது ஒரு நொதியை எழுப்ப, அந்த நொதி ‘கிரெப்’ என்ற புரதத்தில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கும். மரபணுவின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் கிரெப் அப்போது எழுத்து வேலையைத் தொடங்கிவைக்கும், டைனார்ஃபின் பெருகும். டைனார்ஃபின் பற்றும் கப்பா ஏற்பி சுகத்தைத் தருவதில்லை, வெறுப்பையும் சோர்வையும் தருகிறது. 1998இல் வில்லியம் கார்லெசன், எரிக் நெஸ்லர் முதலியோர் அக்கம்பென்ஸில் கிரெப்பை மிகுதியாக்கியபோது எலிகள் குறைந்த அளவு கோகெய்ன் கிடைத்த இடத்தையே தவிர்த்தன. கப்பா ஏற்பியை மருந்தால் அடைத்தபோது அந்த வெறுப்பு நீங்கியது. போதை தீர்ந்தபின் வரும் வெறுமையை மனவுறுதி இல்லாதவரின் குணக்கேடு என்று பேசுகிறவர்கள் இந்தச் சோதனையை அறிந்துகொள்ள வேண்டும். அந்த வெறுமையின் ஒரு பகுதி மரபணுவின் முகப்பில் எழுதப்படுகிறது.

கிரெப் மரபணுவைத் திறக்கும் சாவி என்றால், வலியின் கதையில் பூட்டும் உண்டு. 1999இல் மாட்ரிட்டில் ஹோசே நரான்ஹோவின் குழு ‘ட்ரீம்’ என்ற புரதத்தைக் கண்டது. டைனார்ஃபின் மரபணுவில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவைப்பது அதன் வேலை. உயிரணுவுக்குள் கால்சியம் ஏறினால் பிடியை விட்டுவிடும். 2002இல் ட்ரீம் இல்லாத எலிகளை ஆராய்ந்தபோது அவற்றின் தண்டுவடத்தில் டைனார்ஃபின் கூடியிருந்தது. வலி குறைவாகவே உறைத்தது. பீட்டா-எண்டார்ஃபினைத் தரும் பி.ஓ.எம்.சி. மரபணுவோ பசியின் பக்கம் நிற்கிறது. அது ஹைபோதலாமஸில் இயங்கத் தேவையான இரண்டு ஊக்கித் துண்டுகள் மரபணுவுக்கு வெகுதொலைவில் இருப்பதை மார்செலோ ரூபின்ஸ்டைன், மால்கம் லோ ஆகியோரின் குழு 2005இல் காட்டியது. பழங்காலத்தில் மரபுத்தொகுதிக்குள் தாவித் திரிந்த துண்டுகளின் எச்சங்கள் அவை. இரண்டையும் நீக்கிவிட்டால் எலி பருத்துவிடும்.

சீவல் எடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தேடும் நகலுக்கு எதிர்ப்பொருத்தமான சிறு மரபிழையைச் செய்து, அதில் அடையாளம் ஏற்றிச் சீவலின் மேல் விட வேண்டும். அதற்குப் புரோப் என்று பெயர். முன்பெல்லாம் அடையாளம் கதிரியக்கக் கந்தகம். எக்ஸ்ரே ஃபிலிமில் வாரக்கணக்கில் வைத்து, பிறகு இருட்டறையில் ஸ்லைடை எமல்ஷனில் முக்கி, நியூரான்களின் மேல் படிந்த வெள்ளித் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். இன்று ஒளிரும் சாயங்கள். ஒரே சீவலில் என்கெஃபலின் ஒரு நிறம், டைனார்ஃபின் வேறொரு நிறம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நகல் மூலக்கூறு. ஆனாலும் கழுவும் வேலை மாறவில்லை. ஒட்டாத புரோப்பை நீக்கக் கரைசலை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். சூடு குறைந்தால் பொய்ப் புள்ளிகள் தங்கும், கூடினால் உண்மைப் புள்ளிகளும் போய்விடும்.

குளிரில் வேலை செய்து அக்காவின் வலக்கை விரல்கள் அடிக்கடி மரத்துப்போகின்றன. தோள்பட்டை வலிக்குச் சூடு ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார். இப்படிப்பட்ட கைகளுக்கு ஆய்வுக் கட்டுரையில் கிடைப்பது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ஒரு நன்றி. இந்த ஆய்வகத்தின் தலைவர் அவரை ஆசிரியர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் புள்ளி எந்த நியூரானுடையது என்ற கேள்விக்கான விடை, சீவல் கிழியாமல் ஸ்லைடில் ஏறிய நொடியில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றின் எல்லா நகல்களையும் படிக்கும் கருவிகள் வந்தபோது, சீவல் வேலைக்கு இனி தேவை இருக்காது என்று சிலர் நினைத்ததாக ஒரு மாணவர் சொன்னார். பிரித்தெடுத்த உயிரணு எந்த இடத்தில் இருந்தது என்பது தொலைந்துபோகிறது. இப்போது சீவலின் மேலேயே ஆயிரக்கணக்கான மரபணுக்களை இடத்தோடு சேர்த்துப் படிக்கும் முறை வந்திருக்கிறது. அதற்கு 10 மைக்ரான் சீவல் வேண்டும். சிறு சதுரத்துக்குள் மடிப்பில்லாமல் உட்கார வேண்டும். அந்தச் சிறப்பு ஸ்லைடோ மிகுந்த விலை. அதில் யாரை வெட்டவிடுவது என்பதில் ஆய்வகத்தில் இரண்டாவது கருத்து இல்லை. அக்கா இரண்டு மாணவர்களுக்கு இந்த வேலையைப் பழக்கத் தொடங்கியிருக்கிறார். எலி மூளையை அவர்கள் கையில் இன்னும் தரவில்லை. வெறும் பசைக் கட்டியை உறையவைத்துக் கொடுத்து, சக்கரத்தை ஒரே வேகத்தில் சுற்றச் சொல்லியிருக்கிறார்.