உயர்த்திய ஜீப்பின் நடுக்கம்

ஒரு பொருளின் ஓர் உறுப்பை மாற்றுவோர், அம்மாற்றம் ஏனைய உறுப்புக்களையும் தாக்கும் என்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இதனை எமக்குக் கற்பித்தது ஏடன்று. சென்ற கோடை விடுமுறையில் எம் சிறிய தந்தையாரின் ஜீப் வண்டியே. தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் சக்கரங்களைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், பல உயிர்களைத் தாங்கிச் செல்லும் ஊர்தியைப் பற்றியதாகலின் நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

தேனி மாவட்டத்து அடிவார ஊர்களிலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் ஜீப்பிற் சென்று மீளுதல் பலரும் அறிந்ததே. எம் சிறிய தந்தையாரும் தமது சிறு தோட்டத்திற்கு ஆட்கள் அறுவரைப் பழைய ஜீப்பொன்றில் அழைத்துச் செல்பவர். பாதையிற் கிடக்கும் கற்கள் வண்டியின் அடியைத் தட்டாதிருக்கும்பொருட்டு, பட்டை ஸ்பிரிங்குகளைத் தாங்கும் ஷாக்கிள்களை நீளமானவையாக மாற்றி, பெரிய டயர்களையும் பூட்டுவித்தார். வண்டி ஏறத்தாழ 2 அங்குலம் உயர்ந்தது. மெல்லச் செல்லும் மலைப்பாதையிற் குறையொன்றும் தோன்றவில்லை. சமவெளிச் சாலையில் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுங்கால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தெழுந்த அளவில், ஸ்டீரிங் கைகளை உதறித் தள்ளும் வண்ணம் ஆடத் தொடங்கிற்று. வண்டி ஏறக்குறைய நின்றபின்னரே அவ்வாட்டம் ஒழிந்தது. பின்னிருந்த பெண்கள் நெடுநேரம் பேச்சற்றிருந்தனர்.

முதலிற் பார்த்த பட்டறையினர், ஸ்டீரிங் தண்டோடு டாம்பர் என்னும் குழலொன்றைப் பூட்டி அனுப்பினர். ஆட்டம் அடங்கிற்று, இரு வாரங்களில் மீண்டும் வந்தது. அதன்பின் சிறிய தந்தையார் ஆட்களைப் பேருந்தில் அனுப்பிவிட்டு, வண்டியை முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றார். யாமும் உடன் சென்றோம். "ஆட்டத்தை அமுக்குவது வேறு, அது பிறக்கிற இடத்தைப் பார்ப்பது வேறு, தம்பி" என்று அப்பெரியார் எம்மிடம் கூறினார்.

இந்நடுக்கத்தின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குவாம். இவ்வகை ஜீப்பில் முன்சக்கரங்கள் இரண்டும் வளையாத ஒரே அச்சிற் பூட்டப்பட்டவை. ஒரு சக்கரம் மேலெழுந்தால் அச்சு முழுவதும் சாய்கின்றது. சுழலும் பம்பரத்தைச் சாய்க்க முயன்றால் அது வேறொரு பக்கம் திரும்புமன்றோ? அவ்வாறே சுழலும் சக்கரங்களும் இடமோ வலமோ திரும்ப முயல்கின்றன. மூட்டுக்கள் இறுக்கமாயிருப்பின் அம்முயற்சி அங்கேயே மடியும். தளர்ந்திருப்பின் திருப்பம் சாய்வையும், சாய்வு திருப்பத்தையும் மாறி மாறி வளர்க்கும். 1920-களில் மோட்டார் வண்டி செய்வோரை இது பெரிதும் வருத்திற்று. 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தம் கார்களில் முன்சக்கரங்களைத் தனித்தனியே இயங்குமாறு அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாம்.

மெக்கானிக் ஒரு முறைப்படி சோதித்தார். முதலில் முன்டயர்களைப் பின்னும் பின்டயர்களை முன்னும் மாற்றி ஓட்டினார். டயரின் எடைச் சமன் கெட்டதனால் வரும் அதிர்வு ஒரு வேகத்தில் தோன்றி, அதனைக் கடந்தால் தணியும். பள்ளம் தூண்டக் காத்திராது. இந்நடுக்கமோ மாறவில்லை. பின்னர் முன்னச்சை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். அசைவு தெரிந்தது. உடனே எம்மைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தபோது அசைவு மறைந்தால் குற்றம் சக்கரத்தின் பேரிங்கிலுள்ளது. மறையாவிடிற் கிங்பின்னில் உள்ளது. அது மறையவில்லை. அடுத்து இடவலமாக அசைத்து டை ராடின் முனைகளைப் பார்த்தார், அவை செம்மையாயிருந்தன.

"இத்தோடு முடியவில்லை" என்று, கிங்பின்னின் சாய்வை அளந்தார். சைக்கிளின் முன்கவடு பின்னோக்கிச் சாய்ந்திருத்தலால் அதன் சக்கரம் நேரே செல்ல விரும்புகின்றது. ஜீப்பிற்கும் அச்சாய்வு வேண்டும். 1941-ஆம் ஆண்டின் வில்லிஸ் ஜீப்பிற்கு விதித்த அளவு 3 பாகை. முன்முனையிலுள்ள ஷாக்கிளை நீட்டியபோது ஸ்பிரிங் முன்புறம் தாழ்ந்து, அச்சும் முன்னோக்கிப் புரண்டு, சாய்வு ஏறக்குறைய இல்லாதொழிந்திருந்தது. பல்லாண்டுகளாகத் தேய்ந்திருந்த கிங்பின் பேரிங்குகளின் தளர்ச்சியை அதுகாறும் அச்சாய்வே மறைத்துக் காத்து வந்தது. அது நீங்கவே பழைய நோய் வெளிப்பட்டது.

பேரிங்குகள் மாற்றப்பட்டன. சாய்வை மீட்க, அச்சிற்கும் ஸ்பிரிங்கிற்கும் இடையே உலோக ஆப்பு வைத்தல் ஒரு வழி. ஆனால் ஆப்பு தடித்தால் முன்னச்சைச் சுழற்றும் தண்டின் கோணம் கெட்டு, வேறோர் அதிர்வு பிறக்கும். இதனைக் கேட்ட சிறிய தந்தையார் சிறிது நேரம் எண்ணி, "பழைய ஷாக்கிளையே பூட்டிவிடுங்கள், அண்ணே, கல் இருக்கும் இடத்தில் மெதுவாகப் போய்க்கொள்கிறேன்" என்றார். அன்று மாலை அதே சாலையில், அதே பள்ளத்தின்மேல், ஆட்களின்றி எழுமுறை ஓட்டிப் பார்த்தார். ஸ்டீரிங் அசையவில்லை. மறுநாளே அறுவரும் ஏறினர்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தைப் பயின்றார்க்கு அம்முதியவரின் முறை புதிதன்று. அவர் அதனைப் பயின்றவரோ அல்லரோ, யாம் வினவிற்றிலம். தன்னொருவன் பொருட்டு ஓட்டுவோன் அடங்கிய ஆட்டத்தோடு மனநிறைவு கொள்ளலாம். பிறரை ஏற்றிச் செல்வோனுக்கு அவ்வுரிமை இல்லை என்பதே எம் துணிபு.