எல்லாவற்றுக்கும் ஒரே குரல்

மதுரைக்காரனான எனக்கு மெட்டல் டிடெக்டர் என்றால் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் நிற்கும் அந்தச் சட்டம்தான். இடுப்பில் சாவிக்கொத்து இருந்தால் கத்தும். எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போகவேண்டியதுதான். அதையே ஒரு கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வயல் வயலாக நடக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது இங்கிலாந்தில் அக்கா மகன் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

“மாமா, நாளைக்குப் பழைய பேண்ட் போட்டுக்கங்க. புதையல் எடுக்கப் போறோம்” என்றான்.

அவன் இருப்பது சஃபோக் மாவட்டத்தில், இப்ஸ்விச் ஊரில். பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். அவருடைய காரில் ஸ்டோமார்க்கெட் தாண்டிப் போய் ஒரு கோதுமை வயலின் ஓரத்தில் இறங்கினோம். செப்டம்பர் மாதம், அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. எங்களுக்கு முன்பே ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் காரின் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு பிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வயல்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியாகிவிட்டது. அந்த அனுமதி இல்லாமல் எதையாவது தோண்டி எடுத்தால் அங்கே அது திருட்டுக் கணக்கில் சேரும்.

பனி விலகட்டும் என்று காத்திருந்த அரை மணி நேரத்தில் பேச்சு எங்கெங்கோ போய், முதல் கருவியில் வந்து நின்றது. நம்மூரில் நாலு பேர் கூடினால் முதல் சைக்கிளைப் பற்றிப் பேசுவோமே, அதே குரல், அதே கண்.

பஸ் ஓட்டுநர் தன்னுடையதைத் தானே செய்தவர். எழுபதுகளில் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளில் இதற்கான வரைபடங்கள் வரும். அதைப் பார்த்து, ஒரு மரத்தட்டைச் சுற்றிச் செம்புக் கம்பியைச் சுற்றி, விளக்குமாற்றுக் கட்டையில் மாட்டியிருக்கிறார். அது வேலை செய்யும் விதத்தை அவர் விளக்கியபோது எனக்குத் தம்புராதான் நினைவுக்கு வந்தது. இரண்டு கம்பிகள் மயிரிழை சுருதி பிசகி நின்றால் ‘வொய்ங், வொய்ங்’ என்று ஓர் அலை எழும் அல்லவா? அந்தக் கருவிக்குள்ளும் இரண்டு அதிர்வுகள். ஒன்று மாறாதது, இன்னொன்று தட்டில் சுற்றிய கம்பியைச் சார்ந்தது. தட்டின் கீழே உலோகம் வந்தால் இரண்டாவது சற்றே பிசகும். பிசகல் காதில் முனகலாகக் கேட்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம். சிக்கல் என்னவென்றால் ஈரப் புல் பட்டாலும் பிசகும், வெயில் ஏறினாலும் பிசகும். “பாதி நேரம் அதுக்குச் சுருதி சேர்க்கவே சரியாப் போயிடும்” என்றார்.

இன்னொருவருடைய முதல் கருவி ராணுவம் கழித்துப் போட்ட கண்ணிவெடி தேடும் கருவி. போருக்குப் பிறகு அப்படி நிறைய விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்தக் கருவியின் கதையே தனி. பிரிட்டனில் தஞ்சம் புகுந்த போலந்துப் படையின் அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி என்பவர் வடிவமைத்தது அது. 1942-இல் எல் அலமைன் பாலைவனப் போரில் 500 கருவிகள் கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை கண்டுபிடித்துக் கொடுத்தன. மனிதர் காப்புரிமை எதுவும் வாங்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார். எடை கிட்டத்தட்ட 14 கிலோ. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பழங்காசு தேடியவரிடம், “கை வலிக்காதா?” என்று கேட்டேன். “அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு” என்றார்.

அங்கிருந்த ஒரே பெண்மணி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கென்ட் பக்கம் ஆஷ்ஃபோர்டில் தயாரான சி-ஸ்கோப் கருவி ஒன்றை, அவர் சிறுமியாக இருந்தபோது, அப்பா கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். முதல் மாதத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்தாராம். எல்லாம் குளிர்பான டின்னின் மூடி வளையங்கள். “எந்த ஊர்லயும் யாரும் என்னைவிட அதிகமா வளையம் தோண்டியிருக்க முடியாது” என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது.

அந்தக் காலத்தில் இதற்கு அரசாங்க உரிமம் வேறு வாங்கவேண்டும். சட்டத்தின் கண்ணில் இது குழாய் தேடும் கம்பியில்லாக் கருவி. தொல்லியல் அறிஞர்களோ இவர்களைக் கொள்ளையர்கள் என்றே நினைத்தார்கள். 1980-இல் ‘எங்கள் கடந்தகாலத்தை எடுக்காதே’ என்ற பொருளில் ஓர் இயக்கமே நடத்தினார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மண் அடுக்கைக் கலைத்து எடுத்த காசு வெறும் காசுதான். அது இருந்த இடம் சொல்லும் கதை போய்விடும். 1996-இல் புதையல் சட்டம் வந்தபிறகுதான் இரு தரப்பும் ஒரு வழிக்கு வந்தன. ஒற்றைக் காசு நீங்கலாக, 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் அதன் விலை வெகுமதியாக வரும். பெரும்பாலும் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி.

“உங்க நாட்டுல எப்படி?” என்று ஆசிரியை கேட்டார். இந்தப் பொழுதுபோக்கு எங்களிடம் இல்லை என்றேன். கரூரில் அமராவதி ஆற்று மணலை அலசி, ரோமானியக் காசு வரை எடுத்தவர்கள் உண்டு. கருவி எதுவும் இல்லை, சல்லடையும் கண்ணும்தான். எங்கள் புதையல் சட்டம் 1878-இல் அவர்கள் நாட்டுக்காரர்கள் போட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லவேண்டும். பத்து ரூபாய் என்றால் எவ்வளவு என்று கேட்டவர், அக்கா மகன் கணக்குப் போட்டுச் சொன்னதும் சிரித்துவிட்டார். அவருடைய பிஸ்கட் டப்பாவுக்கே அதைவிட அதிகம் கிடைக்கும்.

வயலில் இறங்கினோம். எனக்கு ஓட்டுநரின் பழைய கருவி ஒன்று. தட்டைத் தரையோடு ஒட்டி, நிலத்தைப் பெருக்குகிற மாதிரி இடமும் வலமுமாக ஆட்டவேண்டும். முதல் சத்தத்துக்கே நெஞ்சு படபடத்தது. மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டினால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். அடுத்தது பித்தளையில் வட்டமாக ஒன்று. தங்கம் என்றே நினைத்தேன், வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பகுதியாம். அடுத்து ஆணி. அதற்கடுத்தும் ஆணி.

பக்கத்து வரிசையில் ஓர் இளைஞன் புத்தம்புதுக் கருவியோடு வந்துகொண்டிருந்தான். அதன் திரையில் எண்கள் ஓடின. இரும்பு என்றால் ஓர் எண், வெள்ளி என்றால் வேறு எண். இரும்பே வேண்டாம் என்று அதனிடம் சொல்லிவைத்துவிட்டால், இரும்பின் மேல் போகும்போது வாயே திறக்காது. ஒரு மணி நேரத்தில் அவன் மூன்று முறைதான் குனிந்தான். ஒன்று சுத்தியலால் அடித்துச் செய்த வெள்ளிக்காசு, நகம் அளவுக்குச் சிறியது. எந்திரத்தில் காசு அச்சடிக்கத் தொடங்குவதற்கு முந்தியது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். உள்ளங்கை ஈரத்தில் அது மீன் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் பொறாமைப்பட்டதை மறைக்கவில்லை. ஓட்டுநர் மெல்லச் சொன்னார்: “என் முதல் மெஷினுக்கு எல்லாத்துக்கும் ஒரே குரல். அதனால எல்லாத்தையும் தோண்டினேன்.” அவர் குறையாகச் சொல்கிறாரா, நிறைவாகச் சொல்கிறாரா என்று முதலில் பிடிபடவில்லை. திரும்பும்போது அவரே ஹாக்ஸன் கதையைச் சொன்னார். அதே மாவட்டத்தில், வடக்கு எல்லையில் இருக்கிற சிற்றூர் அது.

1992 நவம்பர் 16. பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் தோட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பரிசாக வந்ததுதான் அவருடைய கருவி என்பார்கள். சுத்தியலைத் தேடப் போனவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் காசுகளும் வரத்தொடங்கின. முழுவதையும் வாரி எடுக்காமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியல் துறையினர் வந்து அடுக்கு கலையாமல் எடுத்தார்கள். மொத்தம் 14,865 ரோமானியக் காசுகள். ஐந்தாம் நூற்றாண்டில் யாரோ புதைத்துவிட்டு, திரும்பி வந்து எடுக்காமலே விட்டவை. வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதை லாஸ் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார்.

“சுத்தியல் இரும்பு. இரும்பு வேண்டாம்னு சொல்லிட்டு அவரால தேடியிருக்க முடியுமா?” என்றார் ஓட்டுநர், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனேன். 49-ஆம் அறையில் அந்தப் புதையல் இருக்கிறது. அதில் என்னை நிறுத்திவைத்தது பொன் அல்ல, வெள்ளியில் ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை. ஒரு விரல் உயரத்துக்குச் சற்று அதிகம். கூந்தலும் காதணியும் அத்தனை நுணுக்கம். அது மிளகுச் சிமிழ். அடியில் ஒரு வட்டத்தகடு. ஒரு பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவுவதற்குச் சிறு துளை, மற்றொரு பக்கம் நிரப்புவதற்குப் பெரிய துளை. சஃபோக்கில் யாரோ ஒரு சீமாட்டியின் சாப்பாட்டு மேசைக்கு அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான் போயிருக்கிறது.

சுத்தியலும் பிறகு கிடைத்துவிட்டது. அதையும் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்கள். மரப்பிடி போட்ட சாதாரணச் சுத்தியல், நம்மூர் இரும்புக்கடையில் தொங்குவது மாதிரி. மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. லண்டன் போகிறவர்கள் மிளகுச் சிமிழைப் பார்த்த கையோடு சுத்தியலையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.